இரும்புக் குப்பைக்கு நடுவே காசு தேட மெட்டல் டிடெக்டரை செட் பண்ணுவது எப்படி?

பழைய ஓட்டு வீடு இடித்த மனை, மாட்டுவண்டி நின்ற களம், ஆள் நடமாட்டம் இருந்த விளை (தோட்ட நிலம்). காசு கிடைக்கக்கூடிய இடங்கள் இவை. இரும்பு குவிந்து கிடப்பதும் இங்கேதான். ஆணி, கட்டுக்கம்பி, லாடம், சைக்கிள் உதிரி, துருப்பிடித்த தகரம், சோடா மூடி எல்லாம் கலந்து கிடக்கும். குமரி மாவட்டத்தில் குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் தோட்டம் என்றால், பால் வடிவதற்காக மரத்தில் செருகிய தகரத் துண்டும் பால் பிடிக்கும் கப்பைத் தாங்கும் கம்பியும் மரத்துக்கு மரம் விழுந்திருக்கும்.

புதிதாக டிடெக்டர் வாங்கியவர்கள் இந்தச் சத்தம் தாங்காமல் டிஸ்கிரிமினேஷனை (வேண்டாத உலோகத்தின் ஒலியை வெட்டும் அமைப்பு) ஏற்றி இரும்பை மொத்தமாக அடைத்துவிடுகிறார்கள். கருவி அமைதியாகிவிடும். ஆனால் அடைக்கப்பட்ட இரும்பு மண்ணுக்குள்ளேயேதான் கிடக்கிறது. காயில் (தரைக்கு மேல் வீசும் வட்டத் தலை) அதைக் கடக்கும்போது கருவி அதை வாங்கி, 'இது இரும்பு' என்று முடிவு செய்து, சத்தத்தை மட்டும் வெட்டுகிறது. அந்தச் சிறு நேரத்துக்குள் பக்கத்தில் ஒரு செப்புக்காசு வந்தால் அதன் ஒலியும் சேர்ந்தே வெட்டுப்படும். எனவே இந்தப் பதிவில் உள்ள செட்டிங் எல்லாம் ஒரே நோக்கத்துக்காக: இரும்பின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அதற்கு நடுவே காசைப் பிரித்தறிவது.

எண்கள் தேவைப்படும் இடங்களில் மைன்லேப் ஈக்வினாக்ஸ் 800 என்ற டிடெக்டரை உதாரணமாக எடுத்திருக்கிறோம். மற்ற கருவிகளில் பெயரும் அளவும் மாறும், வேலை செய்யும் முறை ஒன்றுதான்.

தோண்டும் முன் சட்டம்

நில உரிமையாளரின் அனுமதி இல்லாமல் காயிலைக் கீழே வைக்கக் கூடாது. வட்டக்கோட்டை, உதயகிரிக் கோட்டை, சிதறால் சமணச் சின்னங்கள் போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களிலும் அவற்றின் சுற்றுப்பகுதியிலும் தேடவே கூடாது. 1878-ஆம் ஆண்டு புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் மறைந்து கிடந்து கிடைத்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால் ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசு 1972 சட்டப்படி தொல்பொருள். அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. பழகுவதற்கு உங்கள் சொந்த விளையே நல்ல இடம்.

முதலில் ஒரு பலகை

வயலுக்குப் போகும் முன் வீட்டு முற்றத்தில் அரை மணி நேரம் செலவிடுங்கள். வேண்டியவை: ஆணி இல்லாத ஒரு பலகை அல்லது அட்டை, ஆக்கர் கடையில் (பழைய இரும்புக் கடை) கிடைக்கும் துருப்பிடித்த 2 அங்குல ஆணி நான்கு, சில காசுகள். காசுகளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்:

- ஓட்டைக் காலணா அல்லது ஏதாவது ஒரு செப்பு, வெண்கலக் காசு
- பழைய தடிமனான 5 ரூபாய் (செம்பும் நிக்கலும் கலந்தது)
- அலுமினிய 10 பைசா
- இப்போது புழங்கும் 1 ரூபாய்

கடைசிக் காசில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டும். இப்போதைய 1 ரூபாயும் 2 ரூபாயும் காந்தம் பிடிக்கும் துருப்பிடிக்காத எஃகு. டிடெக்டருக்கு அது பெரும்பாலும் இரும்பு போலவோ, திரையில் நிலையில்லாமல் தாவும் எண்ணாகவோதான் தெரியும் (ஒவ்வொரு உலோகத்துக்கும் கருவி திரையில் ஓர் எண் காட்டும்). வெளிநாட்டு வீடியோவைப் பார்த்து இரும்பை முழுக்க வெட்டினால், கடற்கரையில் விழுந்து கிடக்கும் சில்லறையில் பெரும்பங்கை நீங்களே வெட்டியதாக ஆகும்.

செப்புக்காசைப் பலகையின் நடுவில் வைத்து, நான்கு ஆணிகளையும் அதைச் சுற்றி 4 அல்லது 5 செ.மீ. தள்ளிப் பல கோணங்களில் போடுங்கள். கீழே சொல்லும் ஒவ்வொரு செட்டிங்கையும் மாற்றும்போது இந்தப் பலகை மேல் காயிலை ஓட்டி, காசு கேட்கிறதா என்று பாருங்கள். முற்றத்து மண்ணில் ஏற்கெனவே இரும்பு இருந்தால் பரிசோதனை பொய்யாகிவிடும். பலகையை வைக்கும் முன் அந்த இடத்தை ஒருமுறை ஓட்டிச் சுத்தம் என்று உறுதி செய்யுங்கள்.

1. சிறிய காயில்

கருவியோடு வரும் 11 அங்குல காயிலின் அடியில் ஒரே நேரத்தில் மூன்று நான்கு ஆணிகள் வந்துவிடும். 6 அங்குல காயிலில் ஒன்றிரண்டுதான் வரும். ஆழம் குறையும், அது பரவாயில்லை. இரும்பு அடர்ந்த மனையில் கைவிடப்படும் காசுகளில் பல, ஆழத்தில் இருப்பதால் அல்ல, ஆணிக்குப் பக்கத்தில் இருப்பதால்தான் தப்புகின்றன. செட்டிங் எதையும் தொடாமல் காயிலை மட்டும் மாற்றினாலே வித்தியாசம் தெரியும்.

2. நாய்ஸ் கேன்சல்

மின்கம்பி, மோட்டார் ஷெட், செல்போன் டவர் பக்கத்தில் கருவி தானாகவே கலகலக்கும். உங்கள் செல்போனையும் ஏரோபிளேன் மோடில் போடுங்கள். காயிலைத் தரைக்கு மேலே அசையாமல் பிடித்து, இந்த மின் இரைச்சலைத் தவிர்க்கும் நாய்ஸ் கேன்சலை ஓட்டுங்கள்.

3. கிரவுண்ட் பேலன்ஸ்

மண்ணில் உள்ள தாதுவின் சத்தத்தைக் கருவி பொருட்படுத்தாமல் இருக்கச் செய்வது இது. குமரி மாவட்டத்தில் இதைத் தவிர்க்கவே முடியாது. உள்பகுதிச் செம்மண்ணிலும் செம்புரைக்கல்லிலும் இரும்பு ஆக்சைடு அதிகம். உடைந்த ஓட்டுத் துண்டும் செங்கல்லும் சூளையில் சுட்டவை என்பதால் காந்தத்தன்மை ஏறியிருக்கும். இவையும் பொய்க்குரல் கொடுக்கும். கடற்கரையில் மணவாளக்குறிச்சி பக்கக் கருமணலில் இல்மனைட் என்ற கனிமம் நிறைய உண்டு. அந்த மணலில் கதிர்வீச்சுள்ள மோனசைட் கனிமமும் இருப்பதால் கதிர்வீச்சு டிடெக்டரைக் குழப்பும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, குழப்புவது கருமணலின் காந்தத்தன்மைதான்.

செய்முறை: உலோகம் இல்லாத ஒரு அடி இடத்தைக் கண்டுபிடியுங்கள். கிரவுண்ட் பேலன்ஸ் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு காயிலைத் தரைக்கு 3 செ.மீ. உயரத்திலிருந்து ஒரு சாண் உயரம் வரை மெதுவாக ஏற்றி இறக்குங்கள். ஏற்றி இறக்கும் சத்தம் அடங்கியதும் விடுங்கள். ஆணி கிடக்கும் இடத்தில் இதைச் செய்தால் கருவி ஆணியையே தரை என்று எடுத்துக்கொண்டு, அன்று முழுவதும் தப்பாகவே பேசும். செம்மண்ணிலிருந்து மணலுக்கு மாறினால் மறுபடியும் செய்யுங்கள்.

4. சென்சிட்டிவிட்டி

கருவி எவ்வளவு மெல்லிய குரலையும் வாங்க வேண்டும் என்ற அளவு இது. ஈக்வினாக்ஸில் 25 வரை உண்டு. இரும்பு மனையில் 16 முதல் 18 போதும். இதைக் கூட்டினால் ஆழத்தில் உள்ள இரும்பும் பேச ஆரம்பித்து, மேலே உள்ள காசை மூடிவிடும்.

5. டிஸ்கிரிமினேஷனைத் திறங்கள், இரும்பின் ஒலியைக் குறையுங்கள்

குதிரை லாடப் படம் போட்ட பட்டனை அழுத்தினால் எல்லா உலோகமும் திறக்கும். இப்போது சத்தம் அதிகமாக இருக்கும். டோன் அமைப்பில் இரும்புக்கு மிகத் தாழ்ந்த சுருதி வைத்து, அதன் ஒலியளவை மெல்லக் காதில் விழும் அளவுக்கு இறக்குங்கள். மற்ற உலோகங்களுக்கு உயர்ந்த சுருதி. ஈக்வினாக்ஸ் 800-ல் இரும்பு எண்கள் பூஜ்யத்துக்குக் கீழே மைனஸ் 9 வரை போகும், மற்றவை 40 வரை ஏறும். ஹெட்போன் கட்டாயம். இரும்பின் முனகலுக்கு நடுவே ஒரு சிறு 'டிங்' வருவதை ஸ்பீக்கரில் பிடிக்க முடியாது.

6. ரிகவரி ஸ்பீடு

ஒரு பொருளுக்குக் குரல் கொடுத்து முடித்து அடுத்ததற்குத் தயாராகும் வேகம் இது. 800-ல் 1 முதல் 8 வரை. இரும்பு மனைக்கு 6-ல் தொடங்குங்கள், மிக அடர்ந்த இடத்தில் 7. பலகையில் 3-ல் காணாமல் போன காசு 6-ல் சின்ன வெட்டுக்குரலாக வெளியே வரும். ஒலி குட்டையாகிவிடும், ஆழமும் கொஞ்சம் குறையும்.

7. அயர்ன் பயஸ்

தடுமாற்றம் அதிகம் வருவது இங்கேதான். இரும்பும் நல்ல உலோகமும் கலந்து வரும் குரலை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று கருவிக்குச் சொல்வது இந்த செட்டிங். கூட்டி வைத்தால் சந்தேகமான எல்லாமே இரும்பாகிவிடும்; மூடியும் வளைந்த ஆணியும் பொய் சொல்லாது, ஆனால் ஆணிக்குப் பக்கத்தில் கிடக்கும் காசும் இரும்பாகிவிடும். குறைத்தால் காசு வெளியே வரும், பொய்க்குரலும் சேர்ந்து வரும்.

பழகுபவர்கள் 0-வில் தொடங்கி, பொய்க்குரல் தாங்கவில்லை என்றால் ஒவ்வொரு எண்ணாக ஏற்றுவது நல்லது. ஒவ்வொரு எண்ணுக்கும் பலகையை ஓட்டிப் பாருங்கள். காசு எந்த எண்ணில் மறைகிறதோ அதற்கு ஒன்று முன்னதாக நிறுத்துங்கள். மூடி குவிந்து கிடக்கும் கடற்கரைக்கு மட்டும் இதைத் தாராளமாக ஏற்றலாம்.

8. கையின் வேகம்

செட்டிங் எல்லாம் சரியாக இருந்தும் காசு கிடைக்கவில்லை என்றால் நீங்கள் வேகமாக வீசுகிறீர்கள். இரும்பு மனையில் ஒரு மீட்டர் அகலத்தைக் கடக்க மூன்று நான்கு விநாடி எடுங்கள். காயில் தரைக்கு ஒன்றிரண்டு செ.மீ. மேலே, வீச்சின் இரு முனையிலும் தூக்காமல் போகட்டும். ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் பாதியை மறுபடி தொட வேண்டும்.

குரலைச் சோதிப்பது

உயர்ந்த குரல் ஒன்று வந்தால் உடனே மம்மட்டியை எடுக்காதீர்கள். அந்த இடத்தைச் சுற்றி கால் வட்டம் நடந்து, முதல் வீச்சுக்குக் குறுக்காக வீசுங்கள். காசு வட்டமானது, தட்டையாகக் கிடந்தால் எந்தப் பக்கத்திலிருந்தும் ஏறக்குறைய அதே எண் வரும். ஆணி ஒரு பக்கம் 'டிங்' என்று சொல்லி, குறுக்கே வீசும்போது தாழ்ந்த முனகலாகிவிடும். அடுத்து, பொருள் சரியாக எங்கே கிடக்கிறது என்று காட்டும் பின்பாயிண்ட் பட்டனை அழுத்தி இடத்தைக் குறியுங்கள். குரல் கேட்ட இடமும் பின்பாயிண்ட் காட்டும் இடமும் அரை சாண் விலகினால் அது அநேகமாக ஆணியின் முனைதான்.

சோடா மூடிக்குத் தனிச் சோதனை உண்டு. நல்ல எண் காட்டும் இடத்தில் காயிலை மெதுவாகப் பின்னால் இழுத்து, பொருள் காயிலின் முன் விளிம்புக்கு வரும்படி செய்யுங்கள். மூடியானால் விளிம்பில் இரும்புக்குரல் உடைந்து வரும். காசு கடைசிவரை சுத்தமாகப் பேசிவிட்டு நின்றுவிடும்.

ஒரு பக்கம் மட்டும் நல்ல குரல் வந்து, மறுபக்கம் இரும்பாக இருந்தாலும் அது திரும்பத் திரும்ப அதே இடத்தில் வருமானால் தோண்டுங்கள். ஆணியோடு ஒட்டிக் கிடக்கும் காசின் அடையாளம் இதுதான். முட்டம், குளச்சல் பக்கம் இப்படி வரும் நல்ல குரலில் பல, வலையிலிருந்து கழன்ற ஈயக்குண்டாக இருக்கும். எண்ணை வைத்து அதைக் காசிலிருந்து பிரிக்க வழியில்லை. தோண்டித்தான் ஆக வேண்டும்.

திருவிதாங்கூர்ச் சில்லறை

குமரி மாவட்டம் 1949 வரை திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய் என்பது அந்தச் சமஸ்தானக் காசுக் கணக்கு. செப்புக் காசும் சக்கரமும் நல்ல குரல் கொடுக்கும். பழைய வெள்ளிச் சக்கரம் மிகச் சிறியது. வெள்ளியாக இருந்தும், அளவு சிறியது என்பதால் எண் கீழேதான் வரும். 'வெள்ளி என்றால் உச்ச எண்' என்று காத்திருப்பவர்கள் அதைக் கடந்து போய்விடுவார்கள். இதைத் தேடுபவர்கள் குறைந்த, ஆனால் நிலையான எண்களையும் தோண்ட வேண்டும். ஒற்றை அலைவரிசைக் கருவி என்றால் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே வையுங்கள்.

ஈர மணலில்

உப்புநீர் ஊறிய மணல் மின்சாரத்தைக் கடத்தும், கருமணல் காந்தத்தன்மை கொண்டது. சொத்தவிளை போன்ற கரையில் இரண்டும் சேர்ந்தால் ஒற்றை அலைவரிசைக் கருவி ஓயாமல் கத்தும். பல அலைவரிசைக் கருவியில் பீச் மோடைப் போட்டு, மணலிலேயே கிரவுண்ட் பேலன்ஸ் செய்து, சென்சிட்டிவிட்டியை இன்னும் இரண்டு மூன்று குறையுங்கள். பழகும் வரை காய்ந்த மணலில் மட்டும் நில்லுங்கள்.

தோண்டிய பிறகு

எடுத்த ஆணியைக் குழிக்குள் திரும்பப் போடாதீர்கள். இடுப்பில் ஒரு பை கட்டி எல்லா இரும்பையும் அதில் சேருங்கள். மேலே இருந்த இரும்பு போனால்தான் அதற்குக் கீழே மறைந்திருந்தது பேசும். காசு வந்த குழியையும் ஒருமுறை ஓட்டுங்கள், ஒரே இடத்தில் இரண்டு மூன்று விழுந்திருப்பது உண்டு. செப்புக்காசை அங்கேயே துணியால் தேய்க்காதீர்கள், மண்ணோடு சிறு டப்பியில் போடுங்கள். குழியை மூடி மிதித்து, மனை முழுவதும் முடிந்த பின் முதல் முறை போன திசைக்குக் குறுக்காக மறுபடி தொடங்குங்கள்.