வடசென்னைப் பேச்சைப் புத்தகமாக்க: முதல் வரியிலிருந்து அச்சு வரை

'எழுத்து நமக்கு வருமா' என்று உட்கார்ந்து யோசித்தால் விடை கிடைக்காது. நூறு நாள், தினம் 300 சொல் எழுதிப் பாருங்கள். 30,000 சொல் சேரும். டெமி என்ற வழக்கமான நாவல் அளவில் அது ஏறக்குறைய 160 பக்கப் புத்தகம். நூறாவது நாளும் எழுத உட்கார்கிறீர்கள் என்றால் கேள்விக்கு விடை வந்துவிட்டது.

தனி அறைக்காகக் காத்திருக்க வேண்டாம். கும்மிடிப்பூண்டி லோக்கலில் எண்ணூரில் ஏறி உட்கார இடம் கிடைத்தால், சென்ட்ரல் வருவதற்குள் 300 சொல்லை போனிலேயே தட்டிவிடலாம். தட்டுவது யூனிகோடில், அதாவது எந்தப் போனிலும் கணினியிலும் திறக்கும் எழுத்து முறையில் இருக்கட்டும். தினமும் அதை உங்களுக்கே மெயில் அனுப்பி வையுங்கள். போன் தொலைந்தால் நாவலும் அதோடு போய்விடும். முதல் வரைவு முடியும்வரை பின்னால் போய்த் திருத்தாதீர்கள். முதல் பத்துப் பக்கத்தையே இழைத்து இழைத்துப் பாதியில் நின்றுபோன கைப்பிரதிகள்தான் அதிகம்.

வடசென்னை வாழ்க்கையை எழுதுகிறவர்கள் இடறும் இடம் பேச்சுமொழி. ஒரு வரைவில் இப்படி ஒரு உரையாடல் இருக்கிறது என்று வையுங்கள்:

"அவன் வந்துகினு இருக்கான். நீ எதுக்குப் பயந்துகிட்டு நிக்கிறே?"

ஒரே வாயில் 'கினு'வும் 'கிட்டு'வும் வருகிறது. வாசகருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் காது உறுத்தும். அந்த ஆள் காசிமேட்டில் பிறந்து வளர்ந்தவர் என்றால் வரி இப்படி இருக்கும்:

"அவன் வந்துகினு கீறான். நீ இன்னாத்துக்குப் பயந்துகினு நிக்கிற?"

இதை ஒவ்வொரு பக்கத்திலும் நினைவில் வைத்திருக்க முடியாது. அதனால் ஒரு நோட்டில் சொல் பட்டியல் போடுங்கள்: சொல், நீங்கள் முடிவு செய்த எழுத்து, யார் யார் அப்படிப் பேசுவார்கள். கீது, குந்து, துன்னு, இன்னாத்துக்கு, நாஷ்டா, பேஜாரு என்று நாற்பது, ஐம்பது சொல் தேறும். யார் பேசுவார்கள் என்ற மூன்றாவது கட்டம்தான் முக்கியம். ராயபுரத்து ஆயாவும், அவர் பேத்தி கல்லூரிக்குப் போகிறவளும், பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த தெலுங்கு வீட்டுப் பையனும் ஒரே மாதிரி பேசினால் அது வடசென்னை இல்லை. சினிமாவில் காட்டும் வடசென்னை.

எல்லாச் சொல்லையும் ஒலிக்கிறபடியே உடைத்து எழுதவும் வேண்டாம், கண் களைத்துவிடும். வினைமுடிவுகளையும் அந்த வட்டாரத்துக்கே உரிய சொற்களையும் பிடித்தால் மீதியை வாசகரின் காது நிரப்பிக்கொள்ளும். அடிக்குறிப்பும் தேவையில்லை. 'கூறு' என்றால் என்ன என்று விளக்குவதைவிட, சங்கரா மீனைக் கைப்பிடி கைப்பிடியாகக் குவித்து வைத்துக்கொண்டு, "கூறு நூறுபா, ரெண்டா எடுத்துக்கோமா" என்று ஒரு அம்மாவைப் பேசவிடுங்கள். புரிந்துவிடும்.

நாவலுக்கு முன் இரண்டு மூன்று சிறுகதைகளை இதழ்களுக்கு அனுப்புவது நல்லது. ஒரே கதையை ஒரே நேரத்தில் இரண்டு இதழுக்கு அனுப்பக் கூடாது.

பதிப்பாளரைத் தேட ஜனவரிப் புத்தகக் காட்சி சரியான இடம், கைப்பிரதியைக் கொடுக்கத் தவறான இடம். ஸ்டாலில் அவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. உங்கள் மாதிரிப் புத்தகங்களை யார் போடுகிறார்கள், மெய்ப்பு (அச்சுப்பிழை திருத்தம்) சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அனுப்புவதைப் பிப்ரவரிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு பக்கச் சுருக்கம், முதல் மூன்று அத்தியாயம், மொத்தச் சொல் எண்ணிக்கை, உங்களைப் பற்றி ஐந்து வரி.

ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து நிதானமாகப் படியுங்கள். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி எழுதிய உடனே உரிமை உங்களுடையது, பதிவு செய்வது கட்டாயமில்லை. அந்த உரிமையை இன்னொருவருக்கு மாற்றுவது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை ஆண்டு என்று குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, எந்த எல்லைக்குள் என்று குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். 'அனைத்து உரிமைகளும் நிரந்தரமாக' என்ற வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் ஒவ்வொன்றும் தனி உரிமை, தனித்தனியாகப் பேசுங்கள். ராயல்டி அட்டை விலையிலா, கடைக்காரருக்குக் கொடுக்கும் கழிவு போன விலையிலா, கணக்கு எந்த மாதம் வரும் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

புத்தகம் போட உங்களிடமே காசு கேட்கும் பதிப்பகம் என்றால், எத்தனை பிரதி அடிக்கிறார்கள், விற்காத பிரதி யாருக்கு என்று முதலில் கேளுங்கள். ஐ.எஸ்.பி.என். என்ற புத்தக அடையாள எண்ணை வாங்கித் தருகிறோம் என்று தனியாகப் பணம் கேட்டால் மறுத்துவிடுங்கள். ராஜா ராம்மோகன் ராய் பெயரிலுள்ள அரசு முகமை அதை இலவசமாகவே தருகிறது.

சொந்தமாகப் போடுகிறவர்கள் பாரக் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். பாரம் என்பது அச்சகம் ஒரு தொகுப்பாக அடிக்கும் பக்கங்கள். ஒரு பாரம் 16 பக்கம். லேஅவுட் 164 பக்கத்தில் நின்றால் அந்த 4 பக்கத்துக்காக இன்னொரு பாரம் ஓட்ட வேண்டியிருக்கும். 160க்குச் சுருக்குங்கள். காகித விலையை பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் நேரில் விசாரித்தால் அச்சகத்தார் சொல்லும் மதிப்பீடு நியாயமா என்று தெரிந்துவிடும்.

மெய்ப்பை மூன்று தரம் பாருங்கள், திரையில் இல்லை, தாளில். பல அச்சகங்களில் யூனிகோடைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றித்தான் பக்கம் அமைக்கிறார்கள். அந்த மாற்றத்தில் கொம்பும் காலும் இடம் மாறும், மேற்கோள் குறிக்குப் பதில் ஏதோ ஒரு எழுத்து வந்து உட்காரும். முதல் தரம் வாய்விட்டு முழுவதையும் படியுங்கள். இரண்டாம் தரம் உரையாடல் மட்டும், பக்கத்தில் சொல் பட்டியலோடு. அந்தப் பட்டியல் மெய்ப்புத் திருத்துபவர் கைக்கு முன்பே போயிருக்க வேண்டும். போகாவிட்டால் அவர் தன் வேலையை ஒழுங்காகச் செய்து 'குந்து'வையெல்லாம் 'உட்கார்' ஆக்கியிருப்பார், குறை சொல்ல முடியாது. மூன்றாம் தரம் பக்க எண், அத்தியாயத் தலைப்பு, புத்தக முதுகில் உள்ள பெயர்.

புத்தகம் வந்த 30 நாளுக்குள் பதிப்பாளர் எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்கும் கொல்கத்தா, மும்பை, டெல்லி நூலகங்களுக்கும் பிரதி அனுப்ப வேண்டும் என்பது 1954ஆம் ஆண்டுச் சட்டம். நீங்களே போட்டிருந்தால் பதிப்பாளரும் நீங்கள்தான். அச்சகத்திலிருந்து வரும் முதல் கட்டிலேயே அந்த நான்கு பிரதியையும் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.