குட்டைக் குழலும் வெண்வால் மானும்

குட்டைக் குழல் ரைஃபிளோடு வெண்வால் மான் வேட்டைக்குப் போகிறவருக்கான குறிப்பு இது. அமெரிக்காவில் 16 அங்குலத்துக்குக் குறைந்த குழல் உள்ள ரைஃபிளை, 1934ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டம் தனி வகையாக வைத்திருக்கிறது. சொந்தமாகப் பொருத்திக்கொள்ள நினைப்பவர் ஏ.டி.எஃப். என்ற மத்தியத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டு அமைப்பில் படிவம் 1 கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். ஒப்புதல் முதலில், பொருத்துவது பிறகுதான். 2026 ஜனவரி 1 முதல் இதற்கான 200 டாலர் வரி இல்லை. பதிவு அப்படியே இருக்கிறது. வேறு மாநிலத்துக்கு எடுத்துப் போக படிவம் 5320.20 தனி. ஒப்புதல் தாளின் நகல் பையில் இருக்கட்டும்.

மத்திய அரசு சரி என்றதாலேயே வேட்டைக்கும் சரி என்று ஆகிவிடாது. கொலராடோவில் மான் வேட்டை ரைஃபிளின் குழல் குறைந்தது 16 அங்குலம் இருக்க வேண்டும். 100 கெஜத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றலும் வேண்டும். பென்சில்வேனியாவில் செமி-ஆட்டோ ரைஃபிளால் மான் சுட முடியாது. டெக்சஸ் தாராளம். அந்தந்த ஆண்டின் மாநில விதிப்புத்தகத்தைப் பார்க்காமல் உரிமச்சீட்டு வாங்காதீர்கள். (நம்மூரில் 1972 வனவிலங்குச் சட்டப்படி மான் வேட்டையே குற்றம், இந்தக் குறிப்பு இங்கே உதவாது.)

குட்டைக் குழலுக்கு அதிகம் பேர் எடுப்பது 300 பிளாக்அவுட் என்ற தோட்டா ரகம். 9 அங்குலக் குழலில் 110 கிரெய்ன் (சுமார் 7 கிராம்) குண்டு விநாடிக்கு ஏறத்தாழ 2,150 அடி வேகத்தில் புறப்படும். 100 கெஜத்தில் 1,850 அளவுக்கு இறங்கும். 200 கெஜத்தில் 1,600க்கும் கீழே. அதிக வேகமுள்ள 308 ரக ரைஃபிளை மனதில் வைத்துச் செய்த குண்டுகள் பல, 1,800க்குக் கீழே விரியாது. விரியாத குண்டு பென்சில் குத்தியதுபோல் ஓட்டை போட்டுவிட்டு வெளியேறும். மான் ஓடிவிடும், எங்கோ கிடந்து சாகும். ஆகவே தோட்டாப் பெட்டியில் உள்ள வேகத்தை நம்பாதீர்கள். அது பெரும்பாலும் 16 அங்குலக் குழலில் அளந்தது. உங்கள் துப்பாக்கியில் பத்துத் தோட்டா சுட்டு, குரோனோகிராஃபில் (குண்டின் வேகம் அளக்கும் கருவி) சராசரி எடுங்கள். குண்டு விரியக் குறைந்தபட்ச வேகம் என்ன என்று தயாரிப்பாளர் சொல்லியிருப்பார். எந்தத் தூரத்தில் வேகம் அதைத் தொடுகிறது என்று பாலிஸ்டிக் கணிப்பானில் பாருங்கள். அதிலிருந்து 25 கெஜம் கழித்தால் வருவதுதான் உங்கள் எல்லை. பலருக்கு அது 100ஐச் சுற்றியே வரும். குறைந்த வேகத்தில் விரிவதற்கென்றே செய்த செப்புக் குண்டு என்றால் 150 வரை போகலாம்.

ஒலியைவிட மெதுவாகப் போகும் 190–220 கிரெய்ன் தோட்டாக்கள் சத்தம் குறைவு என்பதற்காக மானுக்கு ஏற்றவை அல்ல. அதற்கென விரியும்படி செய்தவை உண்டு. அவற்றுக்கும் 50 கெஜமே உச்ச எல்லை. இரண்டு வகையையும் ஒரே நாளில் கலக்கவே கூடாது. ஒரே ஜீரோவில் (குறியும் குண்டும் ஒரு தூரத்தில் ஒன்றுசேரும்படி ஸ்கோப்பைச் சரிசெய்து வைப்பது) 100 கெஜத்தில் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய ஓரடி வித்தியாசம் வரும்.

இதைவிட ஆபத்தான கலப்பு ஒன்று உண்டு. 5.56 துப்பாக்கியில் போடும் 223 தோட்டாவும் 300 பிளாக்அவுட்டும் ஒரே மேகசினில் போகும். பிளாக்அவுட் தோட்டா சில சமயம் 5.56 துப்பாக்கியின் அறைக்குள் முழுதாக உட்கார்ந்தும் விடும். சுட்டால் 7.8 மி.மீ. குண்டுக்கு 5.7 மி.மீ. துளையில் வழி இல்லை, துப்பாக்கியே வெடிக்கும். மேகசின்களுக்கு நிற டேப் ஒட்டுங்கள். இரண்டு ரகத்தையும் ஒரே மேசைக்கே கொண்டுவராதீர்கள்.

ஜீரோவை 100 கெஜத்தில் வையுங்கள். ஏ.ஆர்.-15 வகை ரைஃபிளில் ஸ்கோப்பின் மையம் குழலுக்கு மேலே சுமார் 2.6 அங்குலம் இருக்கும். அதனால் 50இல் குண்டு கிட்டத்தட்டக் குறியிலேயே விழும். 25இல் ஓர் அங்குலம், 10இல் இரண்டு அங்குலம் கீழே. 150இல் ஏறத்தாழ இரண்டரை அங்குலம் கீழே. பரணில் உட்கார்பவர் மறப்பதும் இதைத்தான்: ஸ்கோப்பில் மான் தெளிவாகத் தெரியும், குழல் ஜன்னல் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருக்கும். முதல் குண்டு பலகையைத் துளைக்கும். குழல் முனை ஜன்னலுக்கு வெளியே நிற்க வேண்டும். உள்ளேயே இருந்தால் அந்தக் குட்டைக் குழலின் வெடியோசை காதைக் கெடுத்துவிடும், காதுக்கவசம் கட்டாயம். முன்கை பிடிக்கும் இடமும் முனைக்கு அருகிலேயே இருப்பதால், விரல் முன்னே நழுவாதபடி தடுப்பு வேண்டும்.

காட்டுக்குக் கொண்டுபோகும் அதே தோட்டா, அதே மேகசினோடு நாற்பது சுற்றாவது சிக்கலின்றிச் சுட்டிருக்க வேண்டும். வீட்டில் பொருத்தியதற்கு இது விலக்கில்லாத விதி.

மான் பக்கவாட்டில் நிற்கும்போது முன்காலுக்குச் சற்றுப் பின்னே, வயிற்றுக் கோட்டிலிருந்து உடல் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு மேலே குறிவையுங்கள். இதயமும் நுரையீரலும் உள்ள உயிர்நிலைப் பகுதியின் அகலம் சுமார் 8 அங்குலம். பின்பக்கம் காட்டிச் சாய்வாக நின்றால், மறுபக்கத்து முன்காலைக் குறிவையுங்கள். நேருக்கு நேர் நிற்பதைக் குட்டைக் குழலால் சுட வேண்டாம், விட்டுவிடுங்கள்.

சுட்டதும் இறங்கி ஓடாதீர்கள். மான் நின்ற இடத்தை ஒரு மரத்தோடு பொருத்தி மனதில் குறித்துக்கொண்டு அரைமணி காத்திருங்கள். பிறகு ரத்தம் சொல்லும். நுரையோடு இளஞ்சிவப்பு என்றால் நுரையீரல், கிட்டத்திலேயே கிடக்கும். கருஞ்சிவப்பு என்றால் கல்லீரல். மூன்று நான்கு மணி நேரம் பொறுங்கள். பச்சைச் சாறும் நாற்றமும் இருந்தால் குடல். எட்டு மணி நேரமாவது வேண்டும். முன்னதாகத் துரத்தினால் படுத்த மான் எழுந்து ஒரு மைல் போகும். ரத்தத் தடத்தை மிதிக்காமல் பக்கமாக நடந்து, கடைசித் துளியில் ஒரு துணியைக் கட்டிவிட்டு அடுத்ததைத் தேடுங்கள்.

கிடைத்ததும் முதலில் குச்சியால் கண்ணைத் தொட்டுப் பாருங்கள். இமைத்தால் இன்னும் உயிர் இருக்கிறது. பிறகு மலத்துவாரத்தைச் சுற்றி வெட்டி விடுவித்து, வயிற்றைக் கத்தியின் வெட்டும் பக்கம் மேல்நோக்கி இருக்க, இரு விரல்களை அடியில் கொடுத்துக் கீறுங்கள். குடல் கிழியாமலிருக்க இதுதான் வழி. உதரவிதானத்தை விளிம்போடு அறுத்து, மூச்சுக்குழலைக் கழுத்துப்பக்கம் துண்டித்து இழுத்தால் எல்லாம் ஒன்றாக வரும். பின்கால் உட்புறச் சுரப்பியைத் தொட்ட கத்தியால் இறைச்சியைத் தொடாதீர்கள்.

இறைச்சி 4 டிகிரி செல்சியஸுக்குச் சீக்கிரம் இறங்க வேண்டும். வெயில் நாளானால் வயிற்றுக்குள் பனிக்கட்டிப் பைகளை வைத்துவிட்டுத்தான் வண்டியில் ஏற்றுங்கள். மானைத் தாக்கும் நாட்பட்ட நலிவு நோய் உள்ள வட்டாரமாக இருந்தால், மாநில வனவிலங்குத் துறையில் தலையைச் சோதனைக்குக் கொடுத்து, முடிவு வரும்வரை இறைச்சியை உறைபெட்டியில் பெயர்ச்சீட்டோடு தனியே வையுங்கள். மூளை, தண்டுவடம், நிணநீர்க் கணுக்கள் எந்த மானிலும் சமையலுக்கு வேண்டாம்.