நிழல் குச்சியும் கூழாங்கல்லும்

நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்குத் திசைகள், நீள அளவை, சூரியன் ஆகியவற்றைத் தனித்தனியாக நடத்தாமல், மைதானத்தில் ஒரு மீட்டர் குச்சியை நட்டு, "அடுத்த மணி அடிக்கும்போது நிழலின் நுனி எங்கே இருக்கும்?" என்று கேளுங்கள். ஒவ்வொருவரும் தன் ஊகத்துக்கு ஒரு கூழாங்கல் வைக்க வேண்டும். அதன் பிறகுதான் அளவுநாடா.

கூழாங்கல்தான் இதில் உயிர்நாடி. ஊகித்துவிட்ட பிள்ளை விடையைப் பார்க்காமல் நகராது. கல்லுக்கும் நிழலுக்கும் உள்ள இடைவெளியைத் தானே அளந்து பார்க்கும். அந்த அளவுகள் கணக்கு வகுப்பில் அட்டவணையாகும், தமிழ் வகுப்பில் நான்கு வரிக் குறிப்பாகும். ஒரு நாளின் மிகக் குட்டையான நிழல், அதாவது நண்பகல் நிழல், வடக்கு தெற்காக விழுவதால் திசைகாட்டி வாங்கும் செலவும் இல்லை.

ஆனால் "நண்பகல் நிழல் வடக்கே விழும்" என்று பொதுவாகச் சொல்லிவிடாதீர்கள். சென்னையில் டிசம்பர் இறுதியில் அது ஏறக்குறைய 74 செ.மீ. நீளத்துக்கு வடக்கே விழும். ஜூன் இறுதியிலோ 18 செ.மீ.தான், அதுவும் தெற்கே! ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 ஆகிய நாட்களையொட்டி நண்பகலில் நிழலே அநேகமாக இராது. அப்போது திசை காண முடியாது.

மேகம் மூடும் பருவமழை நாட்களுக்கு இது ஒத்துவராது. ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்குச் சென்டிமீட்டர் வேண்டாம், நிழல் நீளத்துக்கு நூலை வெட்டி ஒப்பிட்டால் போதும். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதை முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.