துபாய், ஷார்ஜா பக்கம் கம்பெனி போட்டு ரெசிடென்ஸ் விசா எடுக்கிறது எப்படி? வண்ணாரப்பேட்டைல இருந்து ஒரு செய்முறை

எம்.சி. ரோடு ஜவுளிக் கடைங்களுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் போட்டுக் குடுத்துனு இருந்தவன் நான். ஷார்ஜால துணிக்கடை வெச்சிருக்கற ஒருத்தர் அதே மாதிரி கேட்டாரு, அவரால இன்னும் ரெண்டு கடை வந்துச்சு, அப்புறம் மண்ணடில ஒரு ஏஜென்ட்டு "அங்கயே கம்பெனி போடு தம்பி, விசா தானா வரும்"னு சொல்லி என்னைக் கெளப்பி விட்டாரு. தானால்லாம் வரலீங்க. இப்ப ஏரியால நாலு பேரு டீக்கடைல நிறுத்தி இதையே கேக்குறாங்க, அதான் மொத்தத்தையும் இங்கயே எழுதிடலாம்னு.

மொதல்ல ஒண்ணு மண்டைல ஏத்திக்கங்க, லைசென்ஸ் வேற விசா வேற. துட்டு கட்டுனா லைசென்ஸ் வந்துடும், அத வெச்சு விசாவுக்கு தனியா அப்ளை பண்ணணும். எஸ்டோனியா இ-ரெசிடென்சி எடுத்தா யூரோப்ல போய் குந்திக்கலாம்னு ஒரு வதந்தி சுத்துது, அது 2014ல ஆரம்பிச்ச டிஜிட்டல் ஐடி கார்டு, ஆன்லைன்ல கம்பெனி நடத்தலாம் அவ்ளோதான், அத காட்டி அங்க ஒரு நாள் கூட தங்க முடியாது.

பாஸ்போர்ட்டை தொறந்து பாருங்க

நம்ம ஊர்ல பாதி பேருக்கு சர்நேம் கிடையாது, வெறும் முருகன்னு ஒரே பேர் இருக்கும். 2022 நவம்பர்ல எமிரேட்ஸ் நாட்டுக்காரங்க (துபாய், ஷார்ஜால்லாம் சேந்த நாடு) ஒத்தப் பேரு பாஸ்போர்ட்டோட விசிட் விசால வந்தா உள்ள விடமாட்டோம்னு ரூல் போட்டாங்க, பின்னாடி பக்கத்துல அப்பா பேர் இருந்தா ஓகேன்னு அப்புறம் சொன்னாங்க. எதுக்கு ரிஸ்க்கு, அப்பா பேரையே சர்நேமா சேத்து பாஸ்போர்ட்டை ரீஇஷ்யூ பண்ணிட்டு வேலைய ஆரம்பிங்க, லைசென்ஸ் ஒரு பேர்ல விசா ஒரு பேர்ல ஆச்சுன்னா பேஜாரு.

அடுத்தது நம்ம ஊரு பேங்க்கு, இதான் மெயின் மேட்டரு

ஏஜென்ட்டு யாரும் இத சொல்லமாட்டான், ஏன்னா இதுல அவனுக்கு கமிஷன் இல்ல. இந்தியால இருந்துகிட்டே வெளிநாட்டு கம்பெனில பங்கு வாங்குறீங்கன்னா, அது நீங்களே போடற கம்பெனியா இருந்தாலும், ரிசர்வ் பேங்க் ரூலுக்குள்ள வருது, 2022 ஆகஸ்ட்ல புதுசா போட்ட ரூல். ஒரு ஆளு ஒரு நிதியாண்டுல 2,50,000 டாலர் வரைக்கும் அனுப்பலாம். ஆனா அனுப்பறதுக்கு முன்னாடி உங்க பேங்க்ல ஃபார்ம் எஃப்சின்னு வெளிநாட்டு முதலீட்டுக்கான ஃபார்ம் ஒண்ணு குடுக்கணும், அவங்க அந்த கம்பெனிக்கு யுஐஎன்னு ஒரு நம்பர் வாங்கித் தருவாங்க, பணம் போன 6 மாசத்துக்குள்ள ஷேர் சர்டிஃபிகேட் காப்பிய கொண்டு போய் குடுக்கணும், அதுக்கப்புறம் வருஷா வருஷம் டிசம்பர் 31க்குள்ள ஒரு ரிப்போர்ட்டு.

பங்குப் பணத்த கிரெடிட் கார்டுல கட்டவே கூடாது. நான் ஏஜென்ட்டு அனுப்புன லிங்க்ல கார்டு நம்பர் பாதி அடிச்சிட்டேன், அந்த நேரம் பாத்து ஆடிட்டர் வேற ஏதோ கணக்கு கேக்க போன் பண்ணாரு, பேச்சுவாக்குல சொன்னேன், மனுஷன் காதுல ரத்தம் வர்ற அளவு திட்டிட்டாரு. நம்ம லோக்கல் கிளைல ஃபார்ம் எஃப்சின்னா என்னன்னே முழிப்பாங்க, ஃபாரின் எக்ஸ்சேஞ்ச் பாக்குற பெரிய கிளை எதுன்னு கேட்டு அங்க போங்க, ஒரு நாள் முழுக்க குந்த வேண்டியிருக்கும்.

10 லட்சத்துக்கு மேல அனுப்புனா மேல போற தொகைக்கு 20 சதவீதம் டிசிஎஸ், அதாவது பேங்க்கே முன்கூட்டி எடுக்கற வரி, புடிப்பாங்க. அது போன துட்டு இல்ல, ரிட்டர்ன்ல கழிச்சிக்கலாம், ஆனா அதுவரைக்கும் கைல இருக்காது.

ஃப்ரீ ஜோன் புடிக்கிறது

ஃப்ரீ ஜோன்னா வெளிநாட்டுக்காரங்க கம்பெனி போடறதுக்குன்னே தனி ரூலோட ஒதுக்கி வெச்ச ஏரியா. ஷார்ஜா, ராஸ் அல் கைமா, துபாய்னு நாப்பதுக்கு மேல ஃப்ரீ ஜோன் இருக்கு. விளம்பரத்துல போடற சீப் ரேட்டு முக்காவாசி ஜீரோ விசா பேக்கேஜ், அதாவது லைசென்ஸ் மட்டும். நான் அதுல தான் மாட்னேன், விசா கோட்டா சேக்கணும்னா எக்ஸ்ட்ரான்னு கட்டுன பிறகு தான் சொன்னாங்க. அதனால மொதல் கேள்வியே "எத்தன விசா சேத்து?"ன்னு கேளுங்க, ரெண்டாவது கேள்வி "அடுத்த வருஷம் ரினீவலுக்கு எவ்ளோ?". லைசென்ஸ்ல ஆக்டிவிட்டின்னு ஒண்ணு எழுதணும், நீங்க நெஜமா பண்ற தொழிலையே எழுதுங்க. ஊருக்குள்ள கடை தொறந்து யாவாரம் பண்ணணும்னா ஃப்ரீ ஜோன் சரிவராது, ஃப்ரீ ஜோனுக்கு வெளிய தொழில் பண்ண விடற மெயின்லேண்ட் லைசென்ஸ் பாருங்க.

விசா ஸ்டெப்பு

லைசென்ஸ் வந்ததும் எஸ்டாப்ளிஷ்மென்ட் கார்டு (கம்பெனி பேர்ல விசா எடுக்க வேண்டிய கார்டு), அப்புறம் என்ட்ரி பர்மிட். அத வெச்சு உள்ள போகணும், ஏற்கனவே விசிட்ல அங்க இருந்தா, வெளிய போகாமயே விசாவ மாத்திக்கற ஸ்டேட்டஸ் சேஞ்சுக்கு தனியா காசு. அடுத்து மெடிக்கல், ரத்த டெஸ்ட்டும் நெஞ்சு எக்ஸ்ரேவும். நம்ம பக்கம் சின்ன வயசுல டிபி வந்து சரியானவங்க நெறைய பேரு, நெஞ்சுல பழைய தழும்பு தெரிஞ்சா கூட விசா சிக்கலாவும், அதனால லைசென்ஸுக்கு துட்டு கட்டறதுக்கு முன்னாடியே இங்க ஸ்டான்லிலயோ எங்கயோ ஒரு எக்ஸ்ரே எடுத்து டாக்டர் கிட்ட காட்டிடுங்க. கடைசியா கைரேகை, எமிரேட்ஸ் ஐடி. இப்பல்லாம் பாஸ்போர்ட்ல ஸ்டிக்கர் ஒட்றதில்ல, அந்த கார்டு தான் எல்லாமே. ஃப்ரீ ஜோன்ல பொதுவா 2 வருஷ விசா.

அங்க பேங்க் அக்கவுண்ட்டு

விசா வந்துச்சுன்னு கேக்கு வெட்டாதீங்க. கம்பெனி பேர்ல அக்கவுண்ட் தொறக்கறது விசாவ விட கஷ்டம். யார் கஸ்டமர், காசு எங்கருந்து வருது, பழைய பில்லு காட்டு, ஊர்ல பேங்க் ஸ்டேட்மென்ட் காட்டுன்னு துருவுவாங்க. எனக்கு கை குடுத்தது அந்த துணிக்கடைக்காரரோட பழைய இன்வாய்ஸ் தான். கஸ்டமரே இல்லாம, விசாவுக்காக மட்டும் கம்பெனி போட்டா இங்க தான் தட்டும்.

வந்தத காப்பாத்திக்க

கம்பெனி ஆரம்பிச்ச 3 மாசத்துக்குள்ள கார்ப்பரேட் டாக்ஸுக்கு ரிஜிஸ்டர் பண்ணணும், லாபம் ஜீரோவா இருந்தாலும். லேட்டானா 10,000 திர்ஹாம் ஃபைன். டாக்ஸு ரேட்டு 3,75,000 திர்ஹாம் லாபத்துக்கு மேல 9 சதவீதம், ஃப்ரீ ஜோன்ல சில வருமானத்துக்கு ஜீரோ உண்டு, ஆனா அது கண்டிஷன் போட்ட ஜீரோ, ஆடிட்டர் கிட்ட கேக்காம நம்பிடாதீங்க.

விசா எடுத்துட்டு ராயபுரத்துலயே உக்காந்திருந்தா இன்னொரு சிக்கல். ஒரு நிதியாண்டுல இந்தியால 182 நாளோ அதுக்கு மேலயோ இருந்தா நீங்க இங்கத்த ரெசிடென்ட் தான், அந்த கம்பெனிய வருமான வரி ரிட்டர்ன்ல ஷெட்யூல் எஃப்ஏன்ற வெளிநாட்டு சொத்து பகுதில காட்டியே ஆகணும், மறைச்சா 10 லட்சம் அபராதம் போட சட்டத்துல இடம் இருக்கு.

அங்கயும் 6 மாசத்துக்கு மேல தொடர்ந்து வெளிய இருந்தா விசா செத்துடும். நான் போன்ல அஞ்சாவது மாசத்துக்கு ஒரு அலாரம் வெச்சிருக்கேன், அது அடிச்சா டிக்கெட்டு போட்டு ஒரு தபா போய் தலைய காட்டிட்டு, கடைக்காரங்க பில்லிங் மெஷினையும் பாத்துட்டு வந்துடறது.