வீட்டிலேயே சர்ப்ரைஸ் பர்த்டே: பிள்ளைக்குத் தெரியாமல் நடத்துவது எப்படி?

பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டில், அந்தப் பிள்ளைக்கே தெரியாமல் பார்ட்டி வைப்பது லேசான வேலை இல்லை. உங்கள் போனுக்கு வரும் மெசேஜை உங்களுக்கு முன்னால் படிப்பவர்கள் அவர்கள். ஆனாலும் முடியும். முதலில், உங்கள் பிள்ளைக்கு இது பிடிக்குமா என்று யோசியுங்கள். விசேஷ வீட்டில் கூட்டத்தைக் கண்டாலே மொட்டை மாடிக்குப் போய்விடுகிற பிள்ளை என்றால், இருபது பேர் சேர்ந்து கத்தினால் அழுகைதான் வரும். நெருங்கிய நண்பர்கள் மூன்று நான்கு பேர் ஹாலில் உட்கார்ந்திருக்கட்டும், கத்தல் எதுவும் வேண்டாம், அதுவே அவர்களுக்குப் பெரிய சர்ப்ரைஸ்.

தேதியைப் பொறுத்தவரை, பிறந்தநாளுக்கு முந்தைய சனி அல்லது ஞாயிறு மாலைதான் என் தேர்வு, அன்றைக்கு யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். காலாண்டு, அரையாண்டுத் தேர்வு நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். பத்தாவது, பன்னிரண்டாவது என்றால் மார்ச்சில் பொதுத்தேர்வு, அதனால் ஜனவரி தாண்டினாலே மற்ற பெற்றோர்கள் அனுப்பத் தயங்குவார்கள்.

பிறந்தநாள் அன்றே வைப்பதாக இருந்தால் தயவுசெய்து மறந்துவிட்ட மாதிரி நடிக்காதீர்கள். சாயங்காலம் வரைதானே என்று நமக்குத் தோன்றும், ஆனால் காலையிலிருந்து அம்மா அப்பா ஒரு வாழ்த்துகூடச் சொல்லவில்லையே என்று அந்தப் பிள்ளை பள்ளியில் உட்கார்ந்து மருகிக்கொண்டிருக்கும், அந்த வலியை ராத்திரி கேக் சரிசெய்யாது. காலையில் வழக்கம்போல எல்லாம் நடக்கட்டும். புதுத்துணி, கோயிலில் பிள்ளை பேரில் ஒரு அர்ச்சனை, பாயசம், தாத்தா பாட்டி காலில் விழுந்து ஆசீர்வாதம். கொண்டாட்டம் முடிந்துவிட்டது என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும், உங்களுக்கு அதைவிட நல்ல மறைப்பு கிடைக்காது.

யாரைக் கூப்பிடுவது என்பதை நீங்களாக முடிவு செய்யாதீர்கள். போன வருடம் உயிர்த்தோழியாக இருந்தவளோடு இந்த வருடம் பேச்சுவார்த்தையே இருக்காது, அது நமக்குத் தெரியாது. நெருங்கிய நண்பர் ஒருவரைப் பிடித்து அவரிடம் பட்டியல் கேளுங்கள். வாட்ஸ்அப் குரூப்புக்கு ‘கெமிஸ்ட்ரி டவுட்ஸ்’ மாதிரி ஒரு பெயர் வையுங்கள், எட்டிப் பார்த்தாலும் திறக்கத் தோன்றாது. ஆனால் ஒவ்வொரு பிள்ளையின் பெற்றோரிடமும் நீங்களே போனில் பேசிவிடுங்கள். எத்தனை மணிக்கு ஆரம்பம், எத்தனை மணிக்கு முடியும், வீட்டில் பெரியவர்கள் யார் இருப்பார்கள், திரும்ப யார் கொண்டுவந்து விடுவார்கள் என்பதெல்லாம் தெரிந்தால்தான் பெண்பிள்ளைகளை நிம்மதியாக அனுப்புவார்கள். ஐந்து மணிக்கு ஆரம்பித்து எட்டுக்குள் முடிப்பது நல்லது. சாப்பாட்டில் எதுவும் ஒத்துக்கொள்ளாதா, சைவமா, புரட்டாசி விரதமா, ஹலால் வேண்டுமா என்பதையும் அதே போனில் கேட்டுவிடலாம்.

ரகசியம் பெரும்பாலும் சின்ன விஷயத்தில்தான் உடையும். வீட்டில் எல்லோரும் ஒரே ஸ்விக்கி, அமேசான் கணக்கைப் பயன்படுத்தினால் நீங்கள் வாங்கும் பலூன் அவர்கள் போனிலும் தெரியும், அதனால் கடையில் ரொக்கம் கொடுத்து வாங்குங்கள். கேக்கைப் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். சின்னத் தம்பி தங்கைக்கு அன்று மதியம் சொன்னால் போதும். அப்புறம் செருப்பு! வாசலில் பத்து ஜோடி செருப்பும் தெருவில் நான்கு சைக்கிளும் நின்றால் கேட்டிலேயே கதை முடிந்தது. செருப்பை ஒரு சாக்கில் போட்டு உள்ளே எடுத்துவிடுங்கள், சைக்கிள்கள் அடுத்த தெருவில் நிற்கட்டும்.

பிள்ளையை வெளியே கூட்டிப்போக அத்தையோ சித்தப்பாவோ சரியான ஆள், அவர்களோடு என்றால் பிள்ளைகள் எங்கே எதற்கு என்று அதிகம் கேட்காமல் கிளம்பிவிடுவார்கள். நல்ல துணி போடுகிற மாதிரி ஒரு காரணம் சொல்லச் சொல்லுங்கள். தலையில் எண்ணெயும் பழைய டீ ஷர்ட்டுமாக நண்பர்கள் முன்னால், அதுவும் போட்டோவில், நிற்பது அந்த வயதில் பெரிய அவமானம். திரும்பும் வழியில் தெருமுனைக்கு வந்ததும் அவர் போன் செய்து “பால் பாக்கெட் ஏதாவது வேணுமா?” என்று கேட்கட்டும், அதுதான் உங்களுக்கு சிக்னல். விளக்கை எல்லாம் அணைக்காதீர்கள், இருட்டில் யாராவது தடுக்கி விழுவார்கள். ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.

பிள்ளைகளிடம் முன்பே கண்டிப்பாகச் சொல்ல வேண்டியவை சில உண்டு. ஸ்னோ ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம், அதில் இருக்கும் வாயு மெழுகுவர்த்தி பக்கத்தில் போனால் குப்பென்று பற்றிக்கொள்ளும். தெருவில் விற்கும் கேஸ் பலூனில் ஹைட்ரஜன் இருக்கலாம், அதுவும் வேண்டாம், வாயால் ஊதிய பலூனே போதும். பம்ப்ஸ் என்று முதுகில் குத்துவதும் உதைப்பதும் நம் வீட்டில் கிடையாது. முகத்தில் கேக் அப்புவதும் பிறந்தநாள்காரர் விரும்பினால் மட்டும்.

சாப்பாட்டில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. ஒரு கிலோ அரிசியில் செய்த பிரியாணி எட்டுப் பேருக்கு வரும். ஒரு கிலோ கேக்கைப் பத்துப் பேருக்குத் தாராளமாக வெட்டலாம். கோடையில் ஃப்ரெஷ் கிரீம் சீக்கிரம் உருகும், பிள்ளை வீட்டுக்குள் வந்த பிறகு கேக்கை வெளியே எடுங்கள்.

கேக் வெட்டி முதல் துண்டை ஊட்டிவிட்டதும் பெரியவர்கள் உள் அறைக்குப் போய்விட வேண்டும். யாருக்கு எவ்வளவு மார்க், அடுத்து நீட்டா இன்ஜினியரிங்கா என்று ஒருவரும் கேட்கக் கூடாது, இதை மாமாக்களிடம் முன்பே சொல்லி வையுங்கள். பாட்டு, ஆட்டம், அந்தாக்‌ஷரி எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். போட்டோவை ஸ்டேட்டஸில் போடுமுன் உங்கள் பிள்ளையிடம் காட்டுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். எட்டு மணிக்கு ஒவ்வொருவரும் வீடு போய்ச் சேர்ந்ததும் மெசேஜ் போடச் சொல்லுங்கள். மெசேஜ் வராத வீட்டுக்கு நீங்களே ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.