'வைலம்' என்ற ஆங்கில வினையடையின் வேரைக் கண்டுபிடிப்பது எப்படி?

பழைய ஆங்கிலக் கவிதைகளில் வரும் 'வைலம்' என்றால் 'முன்னொரு காலத்தில்'. பொருளை எந்த அகராதியும் சொல்லிவிடும், அது எங்கிருந்து வந்தது என்று தேடியபோதுதான் நான் திணறினேன்.

முதலில் பழைய வடிவங்களைச் சேகரியுங்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்குச் சந்தா வேண்டும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் இடைக்கால ஆங்கில அகராதியும் பாஸ்வொர்த்-டாலர் பழைய ஆங்கில அகராதியும் இணையத்தில் இலவசம், என் ஓட்டு பாஸ்வொர்த்-டாலருக்குத்தான். 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசர் எழுதிய 'வீரனின் கதை' இந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது. அதற்கும் முன்னால் போனால் 'ஹ்வீலும்' என்ற வடிவம் கிடைக்கும், அப்போது அதற்குப் பொருள் 'சில வேளைகளில்'.

அடுத்து, சொல்லைப் பிரியுங்கள். 'ஹ்வீல்' என்பது இன்றைய 'வைல்', அதாவது காலம். மிச்சமிருக்கும் 'உம்'தான் என்னை இரண்டு நாள் அலைக்கழித்தது. 'ஃப்ரீடம்', 'கிங்டம்' சொற்களின் விகுதியோடு இதைச் சேர்த்துப் பார்த்தது தவறு, அது 'டோம்' என்ற தனிப் பெயர்ச்சொல்லிலிருந்து வந்தது. இந்த 'உம்' பழைய ஆங்கிலத்தின் நான்காம் வேற்றுமைப் பன்மை உருபு. இன்றைய ஆங்கிலத்தில் அந்த உருபே இல்லை, அதனால் கண்ணில் படாது. ஆனால் நமக்கு இது புதிதே இல்லை: 'இன்றைக்கு வா', 'நாளைக்குப் போகலாம்' என்கிறோமே, அந்தக் 'கு' யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை, காலத்தை மட்டும் காட்டுகிறது. 'ஹ்வீலும்' செய்ததும் அதேதான். இது பிடிபட்டதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

அப்புறம், உறவு மொழிகளில் சரிபாருங்கள். ஜெர்மனில் 'வைலண்ட்', பொருள் 'முன்னாளில்'. டச்சில் 'வெய்லன்' இறந்தவர் பெயருக்கு முன்னால் வரும், நாம் 'காலஞ்சென்ற' என்று போடுவது போல. இரண்டு சொல்லுக்குள்ளும் காலம் இருக்கிறது பாருங்கள். இந்தப் படியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள், பிரித்தது சரியா என்பதை உறுதி செய்வது இதுதான்.

பிற்சேர்க்கை: 'அரிதாக' என்று பொருள்படும் 'செல்டம்' என்ற சொல்லிலும் இதே உருபுதானா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. பார்க்க அப்படித்தான் இருக்கும், ஆனால் அதன் மூத்த வடிவம் 'செல்டன்'. 'ஹ்வீலும்' மாதிரியான சொற்களைப் பார்த்துத்தான் பிறகு அது 'செல்டும்' ஆனது. அதனால் கிடைப்பதிலேயே பழைய வடிவத்தைப் பார்க்காமல் பிரிக்க உட்காராதீர்கள்.