அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு அருங்காட்சியகம் செல்லுங்கள்

யாழ்ப்பாணத்து அருங்காட்சியகங்களைப் பார்க்க விரும்புவோர், யாரோடு போவது என்பதை முதலில் தீர்மானித்துவிட்டுப் பிறகு இடத்தைத் தெரிவுசெய்வது நல்லது. இங்குள்ள காட்சிக்கூடங்களில் பொருள்கள் நிறைய இருக்கின்றன. அவற்றின் அருகே எழுதப்பட்டுள்ள குறிப்புகளோ பல இடங்களில் பெயரோடு நின்றுவிடுகின்றன. அந்தப் பொருள்களை அன்றாடம் புழங்கியவர்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். எனவே எழுபது வயதைக் கடந்த ஒருவரை, அம்மம்மாவையோ அப்பப்பாவையோ அயல்வீட்டுப் பெரியவரையோ, உடன் அழைத்துச் செல்வதற்கு ஏற்றபடி நாளையும் நேரத்தையும் வகுத்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறுமுன் காலையில் புறப்படுவதும், ஒரு நாளில் ஓரிடத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாதிருப்பதும் அவர்களுக்கு உதவும். பூரணை தினங்களிலும் ஏனைய அரச விடுமுறை நாள்களிலும் கதவு பூட்டியிருக்கக்கூடும் என்பதால் முன்கூட்டியே விசாரித்துவிட்டுச் செல்லுங்கள்.

பெரியவர்களோடு செல்வதற்கு நாவற்குழியிலுள்ள சிவபூமி அருங்காட்சியகமே சிறந்த தொடக்கம். 2020ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இவ்விடத்துக்கு, யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வீதி வழியாகச் சாவகச்சேரிப் பக்கம் செல்லும் பஸ்ஸில் ஏறி வரலாம். மன்னர்களின் சிலைகளும் ஓவியங்களும் முதலில் கண்ணில் படும். ஆனால் நேரத்தின் பெரும்பகுதியைப் பழைய வீட்டுப் பாவனைப் பொருள்களுக்கென ஒதுக்கிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். மாடியேற இயலாதவர்களை அவசரப்படுத்தாமல், கீழ்த்தளத்திலேயே ஆறுதலாகப் பார்க்க விடுங்கள்.

எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட வேண்டும் என்ற எண்ணத்தைக் கைவிட்டு, ஒரு பொருளின் முன் பத்து நிமிடம் நிற்பதே பார்வையிடும் முறைகளுள் பயன்மிக்கது என்பது என் அனுபவம். மூக்குப்பேணியை எடுத்துக்கொள்வோம். பித்தளையிலோ வெண்கலத்திலோ செய்யப்பட்ட இந்தப் பேணியின் வயிற்றிலிருந்து கிளியின் அலகைப் போல ஒரு மூக்கு வெளியே நீண்டிருக்கும். குடிப்பவர் அண்ணாந்து, உதடு படாமல், அந்த மூக்கின் வழியே தண்ணீரை வாயில் ஊற்றிக்கொள்வார். ஒரே பேணியைப் பலர் பயன்படுத்தும் வீட்டில் எச்சில் படாதிருக்கக் கண்ட வழி அது. இவ்வளவும் அறிந்த பின், உங்களுடன் வந்த பெரியவரிடம் இன்னொரு கேள்வியையும் கேளுங்கள்: இந்தப் பேணி யாருக்குக் கொடுக்கப்பட்டது, யாருக்குக் கொடுக்கப்படவில்லை? வேலைக்கு வந்தவர்களுக்குச் சிரட்டையிலும், பனையோலையால் செய்த பிளா என்னும் குடிகலத்திலும் ஊற்றிக் கொடுத்த வழக்கத்தை அறிந்தவர்கள் நம்மிடையே பலர் உள்ளனர். சாதி எவ்வாறு ஒரு பாத்திரத்துக்குள் புகுந்து உட்கார்ந்திருந்தது என்பதைப் பிள்ளைகள் அந்த இடத்திலேயே அறிந்துகொள்வது அவசியம். ஊர் வரலாறு என்று பெருமைகளை மட்டும் சொல்லிக்கொடுப்பது அவர்களை ஏமாற்றுவதாகும்.

நான் என் அம்மம்மாவோடு ஒரு காட்சிக்கூடத்துக்குச் சென்றிருந்தபோது, பனையோலைப் பொருள்களின் வரிசையில் கடகம், சுளகு, நீத்துப்பெட்டி ஆகியவற்றுக்கு நடுவே ஒரு சிறிய கத்தி வைக்கப்பட்டிருந்தது. அருகே ‘கத்தி’ என்று மட்டும் எழுதியிருந்தார்கள். அம்மம்மா அதைச் சத்தகம் என்று உடனே அடையாளங் கண்டு, ஓலையை எந்த அகலத்துக்கு வார வேண்டும், பெட்டிக்கு எது, பாய்க்கு எது என்று வெறுங்கையால் காற்றில் வார்ந்து காட்டினார். அந்த விரல்களின் அசைவை எந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் வைக்க முடியாது. அதைக் கைத்தொலைபேசியில் பதியத் தவறியது இன்றும் எனக்கு வருத்தமே. ஆதலால் புறப்படுமுன் மின்கலத்தை நிரப்பிக்கொள்ளுங்கள். உள்ளே நுழையும்போதே படம்பிடிக்கவும் குரலைப் பதியவும் அனுமதி கேட்டுவிடுங்கள்.

இரண்டாம் நாளுக்கு, நாவலர் வீதியில் நாவலர் மண்டபத்தின் பின்புறம் அமைந்துள்ள தொல்பொருள் அருங்காட்சியகத்தை வைத்துக்கொள்ளலாம். பழைய பீரங்கிகள், திமிங்கில எலும்புகள், ஒரு பல்லக்கு என இங்கே காலங்கள் கலந்து கிடக்கின்றன. இவற்றுள் கந்தரோடையிலிருந்து வந்த புத்தர் சிலைப் பகுதிகளை நன்றாகப் பார்த்துவிட்டு, சுன்னாகத்துக்கு அருகிலுள்ள அந்த ஊருக்கே சென்று, கூட்டமாக நிற்கும் வட்டவடிவச் சிறு தூபிகளையும் காண்பது பொருத்தமாக இருக்கும். 1917ஆம் ஆண்டளவில் வரலாற்றாய்வாளர் போல் ஈ. பீரிஸ் ஆராய்ந்த இவ்விடத்தில் உரோம நாணயங்களும் கண்ணுக்கு மை தீட்டும் செப்புக்கோல்களும் கிடைத்தன. 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தினரும் இங்கு அகழ்ந்தனர். தூபி என்றதும், அது தமிழருடையதா சிங்களவருடையதா என்ற இன்றைய அரசியல் சர்ச்சை மனத்தில் எழுவது இயல்பே. ஆயினும் பண்டைத் தமிழரிடையே பௌத்தமும் வாழ்ந்தது என்பதற்கு மணிமேகலை சான்றாக இருக்கையில், அந்தக் கற்களைப் பிறருடையவை என்று ஒதுக்கிவிடாமல் நம் கதையின் ஒரு பகுதியாகவே பார்க்கலாம்.

யாழ்ப்பாணக் கோட்டைக்கு மாலை நேரமே உகந்தது. போத்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றி ஐங்கோண வடிவில் மாற்றியமைத்து, 1795இல் பிரித்தானியரிடம் இழந்த கோட்டை இது. ஆனால் உள்ளே நடந்த அகழ்வாய்வுகளில் ஐரோப்பியருக்கு முற்பட்ட மட்பாண்டங்களும் சீனக் களிமண் கலங்களும் வெளிவந்துள்ளமையால், வாயிலருகே உள்ள சிறு காட்சியறையை முதலில் பார்த்துவிட்டு மதிலில் ஏறுங்கள். 1706இல் கட்டப்பட்ட ஒல்லாந்தத் தேவாலயம் போரில் இடிந்து கிடப்பதையும், 1981இல் எரிக்கப்பட்ட பொது நூலகம் அருகிலேயே மீண்டும் வெண்மையாக எழுந்து நிற்பதையும் ஒரே நடையில் காணலாம். இதனைப் பிள்ளைகளுக்கு விளக்கும்போது குரலை உயர்த்த வேண்டிய தேவையில்லை. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அங்கே அழிந்தன என்று சொன்னாலே போதும்.

வீடு திரும்பிய அன்றிரவே பெரியவர் சொன்னவற்றை எழுதிவிடுங்கள். ஒரே பொருளுக்கு வடமராட்சியில் ஒரு பெயரும் தீவகத்தில் வேறு பெயரும் வழங்கக்கூடும் என்பதால், சொன்னவரின் ஊரைக் குறிப்பது இன்றியமையாதது. பழைய படங்கள், கையெழுத்துகள், ஊர்ச் சிறப்பு மலர்கள் வீட்டில் இருந்தால், 2005இலிருந்து ஈழத்து ஆவணங்களை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனத்தைத் தொடர்புகொள்ளலாம். பித்தளைப் பொருள்களைப் பழைய இரும்புக்காரரிடம் நிறுத்துக் கொடுப்பதற்கு முன், அது யாருடையது, எந்த ஊரில், எதற்குப் பயன்பட்டது, கடைசியாக எப்போது புழங்கியது என்ற நான்கையும் ஒரு மட்டைத் துண்டில் எழுதி, நூலால் அதன் கழுத்தில் கட்டி வையுங்கள். அருங்காட்சியகம் ஒன்றுக்குக் கொடுக்க நேர்ந்தால் அந்தத் துண்டோடு சேர்த்தே கொடுங்கள்.